பர்மா மண்ணில் பறிபோன உரிமைகள்

நுழையும்முன்

ஒரு நாட்டின் எல்லையைக் காக்க வேண்டிய படை, அந்நாட்டின் ஆட்சியையே கைப்பற்றிக்கொண்டால் குடிமக்கள் எதை இழப்பர்? அவர்கள் இழந்தவை எத்தனை தலைமுறைக்குப் பின் திரும்பக் கிடைக்கும்? இவ்வினாக்களுக்கு விடைதேடத் தொலைதூர நாடுகளின் வரலாற்றுக்குப் போகவேண்டியதில்லை. சென்னை மாநகரின் தெருப்பெயர்களிலும் கடைவீதிகளிலும் அவ்விடை எழுதப்பட்டிருக்கிறது. பர்மாவிலிருந்து வெறுங்கையுடன் திரும்பிய தமிழரின் வரலாறே இப்பாடம்.

இருப்புப்பாதையின் இரு முனைகள்

தென்சென்னைப் புறநகரின் நுழைவாயில் தாம்பரம். 1931ஆம் ஆண்டில் இங்கிருந்து சென்னைக் கடற்கரை நிலையம் வரை மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. இன்றும் நாள்தோறும் மாணவரும் அலுவலரும் தொழிலாளரும் அவ்வழியே பயணம் செய்கின்றனர். தாம்பரத்தில் ஏறியவர் கடற்கரை நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால், இராஜாஜி சாலையின் ஓரத்தில் நீண்ட வரிசையாகச் சிறுசிறு கடைகளைக் காண்பார். அதன் பெயர் பர்மா பஜார். மாலை வேளையில் அப்பகுதியின் தள்ளுவண்டிகளில் அத்தோ, மொகிங்கா என்னும் உணவுகள் விற்பனையாகும். இவை தமிழ்நாட்டு உணவுகள் அல்ல, பர்மிய உணவுகள்.

தென்சென்னையின் பெருங்குடியில் பர்மா காலனி என்றே ஒரு குடியிருப்பு உண்டு. தமிழ்நாட்டின் வேறு பல ஊர்களிலும் இதே பெயரில் குடியிருப்புகள் உள்ளன. நாள்தோறும் இப்பெயர்களைச் சொல்லிப் பேருந்துக்கும் தானிக்கும் வழி கேட்கிறோம். வங்கக் கடலுக்கு அப்பாலுள்ள ஒரு நாட்டின் பெயர் இங்கு ஏன் வந்தது என்று கேட்பவர் சிலரே. அப்பெயருக்குள் ஒரு நாட்டின் இராணுவ ஆட்சியும், இலட்சக்கணக்கானோர் ஏதிலியராய் ஆன துயரமும் அடங்கியிருக்கின்றன.

கடல் கடந்த தமிழர்

1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்ட பின்னர்ப் பர்மிய அரிசிக்கு உலகச் சந்தையில் தேவை பெருகியது. ஐராவதி ஆற்றின் கழிமுகக் காடுகள் திருத்தப்பட்டு நெல்வயல்கள் ஆயின. காடு திருத்தவும், நெல் அறுக்கவும், மூட்டை சுமக்கவும், துறைமுகத்தில் சரக்கேற்றவும் தமிழகத்திலிருந்தும் ஆந்திரப் பகுதியிலிருந்தும் தொழிலாளர் சென்றனர். உழவர்க்குக் கடன் வழங்க நாட்டுக்கோட்டை நகரத்தார் சென்றனர். சிறு வணிகர், தையற்காரர், எழுத்தர், ஆசிரியர் எனப் பலதரப்பட்டோரும் அவர்களைப் பின்தொடர்ந்தனர். 1931ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பர்மாவில் வாழ்ந்த இந்தியர் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர். தலைநகர் இரங்கூனின் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே.

இவ்வளர்ச்சிக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 1930களின் உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை வீழ்ந்தது. கடனைத் திருப்பித் தர இயலாத பர்மிய உழவரின் நிலங்கள் கடன் கொடுத்தோர் கைக்கு மாறின. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் விளையும் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் நகரத்தார் வசமாயிற்று. நிலமிழந்த உழவரின் வேதனை உண்மையானது, நியாயமானது. ஆயினும் அதற்கு வழிவகுத்த குடியேற்ற ஆட்சியின் பொருளியல் அமைப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. அண்டை வீட்டு இந்தியனே கண்ணுக்குத் தெரிந்தான். 1930இலும் 1938இலும் இந்தியருக்கு எதிரான கலவரங்கள் மூண்டன. 1942இல் சப்பானியப் படையெடுப்பின்போது இந்தியர் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் பர்மாவை விட்டு வெளியேறினர். காட்டுவழியே நடந்து வந்தோருள் பல்லாயிரவர் பசியாலும் நோயாலும் மாண்டனர். போர் முடிந்தபின் திரும்பிச் சென்று வாழ்வை மீண்டும் கட்டியெழுப்பியவரும் பலர்.

1948 சனவரி 4 அன்று பர்மா விடுதலை பெற்றது. அவ்வாண்டு திசம்பர் 10 அன்று ஐக்கிய நாடுகள் பொது அவை உலக மனித உரிமைகள் சாற்றுரையை ஏற்றபோது, ஆதரித்து வாக்களித்த 48 நாடுகளுள் இந்தியாவும் பர்மாவும் இருந்தன. அச்சாற்றுரையின் 9ஆம் பிரிவு, தன்விருப்பப்படி எவரையும் கைது செய்வதையும் நாடு கடத்துவதையும் தடுக்கிறது. 15ஆம் பிரிவு, ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை உண்டு என்கிறது. 17ஆம் பிரிவு, எவருடைய உடைமையையும் தன்விருப்பப்படி பறித்தலாகாது என்கிறது. இம்மூன்று பிரிவுகளையும் நினைவில் கொண்டு மேலே செல்வோம்.

1962 மார்ச்சு 2

அன்று விடியற்காலையில் படைத்தலைவர் நே வின் தலைமையிலான இராணுவம் பர்மாவின் ஆட்சியைக் கைப்பற்றியது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைமையமைச்சர் ஊ நூ சிறைப்பிடிக்கப்பட்டார். நாட்டின் முதற்குடியரசுத் தலைவராய் விளங்கிய சாவ் சுவே தைக்கும் சிறைப்பட்டார்; அவருடைய இளவயது மகன் அந்நிகழ்வில் சுட்டுக்கொல்லப்பட்டான். அவரும் அவ்வாண்டு நவம்பரில் சிறையிலேயே இறந்தார்.

இராணுவ ஆட்சி எவ்வாறு வேரூன்றுகிறது என்பதை அடுத்து நிகழ்ந்தவை காட்டுகின்றன. நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. அரசமைப்புச் சட்டம் செயலிழந்தது. அம்மாதமே உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் ஒழிக்கப்பட்டு, ஆட்சியாளர் நிறுவிய ஒரு தனி நீதிமன்றம் அவற்றின் இடத்தைப் பிடித்தது. தலைமை நீதிபதியும் சிறைப்பட்டார். அநீதி இழைக்கப்பட்டால் முறையிட ஓரிடம் வேண்டும். அவ்விடத்தை முதலில் அடைத்துவிட்டால் பின்னர் எந்த அநீதியையும் சட்டம் என்று பெயரிட்டு நடத்தலாம்.

1962 சூலை 7 அன்று இரங்கூன் பல்கலைக்கழகத்தில் போராடிய மாணவர்மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. மாணவர் பலர் உயிரிழந்தனர். மறுநாள் விடியலில் மாணவர் சங்கக் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பர்மாவின் விடுதலைப் போராட்டத் தலைவர்கள் பலரை வளர்த்தெடுத்த கட்டடம் அது. 1964 மார்ச்சில் ஆளுங்கட்சி தவிர்த்த அனைத்துக் கட்சிகளும் தடைசெய்யப்பட்டன. நாளிதழ்கள் ஒவ்வொன்றாய் முடக்கப்பட்டன. நீதிமன்றம், கல்விக்கூடம், கட்சி, இதழ் என்னும் நான்கு தூண்களும் இரண்டே ஆண்டுகளில் சாய்ந்தன.

வாழ்வு சரிந்த விதம்

வாயடைத்த நாட்டில் அடுத்த நடவடிக்கைகள் விரைந்து வந்தன. 1963 பிப்ரவரியில் வங்கிகள் அரசுடைமை ஆயின. 1964 மார்ச்சில் கடைகளும் வணிக நிறுவனங்களும் அரசுடைமை ஆயின. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் பணத்தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன.

இரங்கூனின் மொகல் தெருவில் இருபது ஆண்டுகளாய்த் துணிக்கடை நடத்திய ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். மார்ச்சு மாதத்தில் ஒரு நாள் அரசின் ஆள்கள் கடைக்கு வருகின்றனர். பேரேட்டையும் சாவியையும் பெற்றுக்கொள்கின்றனர். கதவில் அறிவிப்புப் பலகை தொங்குகிறது. அன்று காலை உரிமையாளராய்க் கடையைத் திறந்தவர், மாலையில் அக்கடைக்குள் நுழையும் உரிமையற்றவர் ஆகிறார். பெட்டியில் சேமித்துவைத்த பெரிய தாள்கள் மே மாதத்தில் வெறுங்காகிதம் ஆகின்றன. வழக்குத் தொடுக்க நீதிமன்றம் இல்லை. முறையீட்டை அச்சிட இதழ் இல்லை. வேறு தொழில் தொடங்க உரிமம் இல்லை. எவரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. ஆனால் வாழும் வழிகள் யாவும் அடைக்கப்பட்டுவிட்டன. எஞ்சியிருந்தது துறைமுகம் ஒன்றே.

1960களில் ஏறத்தாழ மூன்று இலட்சம் இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். அவர்களுள் நிலவுடைமையாளரும் பெருவணிகரும் சிலர். பெரும்பாலோர் சிறு கடைக்காரர், கைவினைஞர், கூலித்தொழிலாளர். பிறர் நிலத்தில் ஒரு காணியும் வாங்கியறியாதவர் அவர்கள். பர்மாவிலேயே பிறந்து தமிழகத்தைக் கண்ணாலும் காணாதவர் பலர். கடன் கொடுத்தோர்மீது எழுந்த சினத்துக்குக் கடன்பட்டு வாழ்ந்தோரும் விலைகொடுத்தனர். ஒரு சிலரின் செயலுக்காக ஓர் இனத்தார் அனைவரையும் தண்டிப்பது எக்காலத்தும் நீதியாகாது.

வெளியேறியோர் மிகச் சிறு தொகையையே உடன் எடுத்துச்செல்ல விடப்பட்டனர். வீடும் கடையும் நிலமும் அங்கேயே நின்றன. பிறந்த ஊரை விட்டுப் பெயரளவிலான தாய்நாட்டுக்கு அவர்கள் கப்பலேறினர்.

| தெரிந்து தெளிவோம் |
| பர்மாவில் மீண்டும் வாழலாம் என்னும் நம்பிக்கையில் மணிப்பூர் வழியே நடந்து சென்ற தமிழர் சிலர் எல்லையில் தடுத்து நிறுத்தப்பட்டனர். அவர்கள் எல்லையோர ஊராகிய மோரேயிலேயே தங்கிவிட்டனர். இன்றும் அவ்வூரில் தமிழர் எழுப்பிய அங்காள பரமேசுவரி கோயில் உள்ளது. |

தாயகத்தில் புதுவாழ்வு

1963ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டுக்கு வந்துசேர்ந்த பர்மாத் தமிழர் 1,40,000க்கும் மேற்பட்டோர். சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களை அரசு முகாம்களில் தங்கவைத்தது. வீட்டுமனையும் தொழிற்கடனும் வழங்கியது. 1969இல் பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தாயகம் திரும்பியோர்க்கென ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. துறைமுகத்துக்கு அருகிலேயே கடைவைத்துப் பிழைக்க இடம் பெற்றவர்களால் பர்மா பஜார் உருவாயிற்று.

உதவிகள் கிடைத்தபோதும் வாழ்வு எளிதாய் இருக்கவில்லை. அங்கே அவர்கள் 'இந்தியர்' எனச் சுட்டப்பட்டனர். இங்கே 'பர்மாக்காரர்' எனச் சுட்டப்பட்டனர். பர்மிய மொழியில் பாதிப் படிப்பை முடித்த பிள்ளைகள் தமிழில் அகரம் தொடங்க வேண்டியதாயிற்று. ஆயினும் அவர்கள் தளரவில்லை. நினைவில் எஞ்சிய சுவையை அத்தோவாகவும் மொகிங்காவாகவும் சென்னைத் தெருக்களில் விற்று அடுப்பெரித்தனர், பிள்ளைகளைப் படிக்கவைத்தனர். கப்பலில் கொண்டுவர அனுமதி தேவைப்படாத உடைமை கைத்தொழில் ஒன்றே என்பதை அவர்தம் வாழ்வு மெய்ப்பித்தது.

தலைமுறை கடந்த காயங்கள்

இராணுவ ஆட்சியின் தீமை, அது நிகழ்ந்த நாளோடு முடிவதில்லை. அதன் விளைவுகளை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, மொழியிழப்பு. பர்மாவிலேயே தங்கிவிட்ட தமிழர் பலர். தனியார் பள்ளிகள் அரசுடைமையானபோது தமிழ்ப் பள்ளிகளும் மறைந்தன. பர்மியமும் ஆங்கிலமும் அல்லாத மொழிகளின் நாளிதழ்கள் 1966இல் நின்றுபோயின. கோயில்களும் திருவிழாக்களும் எஞ்சின. ஆனால் தமிழில் எழுதப் படிக்கத் தெரியாத தலைமுறைகள் வளர்ந்தன.

இரண்டாவது, நாடின்மை. 1982ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மக்களை மூன்று தரங்களாகப் பிரித்தது. 1823ஆம் ஆண்டுக்கு முன்பே அம்மண்ணில் வாழ்ந்த இனத்தார்க்கே முழுக் குடியுரிமை என்றது. பாட்டன் காலந்தொட்டு வாழ்ந்தும் சான்று காட்ட இயலாதோர் சொந்த ஊரிலேயே அயலார் ஆயினர்.

மூன்றாவது, நாட்டின் சீரழிவு. இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகிலேயே மிகுதியாய் அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா. இருபத்தைந்து ஆண்டு இராணுவ ஆட்சிக்குப் பின், 1987இல் அது உலகின் மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டில் 25, 35, 75 கியாட் தாள்களும் செல்லாதவையாயின. 1964இல் இந்தியரின் சேமிப்பை அழித்த அதே கருவி, இப்போது பர்மியரின் சேமிப்பை அழித்தது. பிறர் உரிமை பறிபோனபோது வாளாவிருந்த சமூகம், தன் உரிமை பறிபோகும் நாளில் கேட்பாரற்று நிற்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நான்காவது, அச்சம். 1988 ஆகத்து 8 அன்று மாணவரும் பொதுமக்களும் மக்களாட்சி வேண்டித் தெருவில் இறங்கினர். அப்போராட்டம் ஒடுக்கப்பட்டபோது உயிரிழந்தோர் ஆயிரக்கணக்கானோர் எனக் கணிக்கப்படுகிறது. 1990 தேர்தலில் ஆங் சான் சூகியின் கட்சி 485 இடங்களுள் 392 இடங்களை வென்றும் இராணுவம் ஆட்சியை ஒப்படைக்கவில்லை. மாணவர் எழுச்சிக்கு அஞ்சிப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கணக்கில் மூடப்பட்டன. 2021 பிப்ரவரி 1 அன்று, தேர்ந்தெடுக்கப்பட்ட அரசை இராணுவம் மீண்டும் கவிழ்த்தது. 1962இல் தண்டிக்கப்படாத குற்றம் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் தன்னைத்தானே திரும்ப நிகழ்த்திக்கொள்கிறது.

| தெரியுமா? |
| 1961 முதல் 1971 வரை ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச் செயலராய் விளங்கிய ஊ தாண்டு பர்மாவைச் சேர்ந்தவர். 1974இல் அவர் மறைந்தபோது இராணுவ அரசு உரிய மரியாதை அளிக்கவில்லை. மாணவர் அவருடைய உடலைத் தாமே எடுத்துச்சென்று பல்கலைக்கழக வளாகத்தில் அடக்கம் செய்ய முயன்றனர். இராணுவம் வளாகத்துள் புகுந்து அதனைக் கைப்பற்றியது. |

காயம் ஆறும் வழி

தென்னமெரிக்க நாடாகிய அர்செண்டினாவிலும் 1976 முதல் 1983 வரை இராணுவ ஆட்சி நடந்தது. ஆட்சியை எதிர்த்தோரும் எதிர்ப்பதாய் ஐயுறப்பட்டோரும் இரவோடிரவாய்க் காணாமற்போயினர். 1977 முதல் அவர்தம் அன்னையர், தலையில் வெள்ளைத் துணி அணிந்து, தலைநகரின் மே சதுக்கத்தில் வாரந்தோறும் வியாழக்கிழமைகளில் வலம்வந்து 'எம் பிள்ளைகள் எங்கே?' என வினவினர். மக்களாட்சி மீண்டபின் ஓர் ஆணையம் விசாரித்து, ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேர் காணாமற்போனதை ஆவணப்படுத்தியது. 1985இல் முன்னாள் இராணுவ ஆட்சியாளர்கள் பொது நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுத் தண்டிக்கப்பட்டனர். இழந்த உயிர்கள் திரும்பவில்லை. ஆயினும் நடந்தது குற்றம் என நாடே ஒப்புக்கொண்டது. உண்மையைப் பதிவு செய்தலும் குற்றவாளியை நீதியின்முன் நிறுத்தலுமே காயம் ஆறுவதற்கான முதற்படி. பர்மாவுக்கு அந்த வாய்ப்பு இன்னும் வாய்க்கவில்லை.

இந்தியாவில் இராணுவம் என்றும் மக்களாட்சிக்கு உட்பட்டே நின்றிருக்கிறது. எனினும் உரிமைப் பறிப்பு எப்போதும் சீருடை அணிந்தே வரும் என்பதில்லை. 1975 சூன் முதல் 1977 மார்ச்சு வரை நீடித்த நெருக்கடிநிலைக் காலத்தில் விசாரணையின்றி மக்கள் சிறைவைக்கப்பட்டனர். இதழ்கள் தணிக்கைக்கு உள்ளாயின. சென்னை மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டோர் தாக்கப்பட்டது குறித்துப் பின்னர் நீதிபதி இசுமாயில் ஆணையம் விசாரித்தது. நெருக்கடிநிலையில் குடிமகன் தன் விடுதலைக்காக நீதிமன்றத்தை அணுக இயலாது என 1976இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டுமே மாறுபட்டார். 2017இல் உச்ச நீதிமன்றமே அப்பழைய தீர்ப்பு தவறானது என அறிவித்தது. தவற்றைத் திருத்திக்கொள்ள இடமளிப்பது மக்களாட்சி; தவற்றைச் சுட்டுவோரை ஒழிப்பது வல்லாட்சி.

தமிழ் மரபின் குரல்

ஆள்வோரின் கொடுமையைக் கண்டிப்பது தமிழர்க்குப் புதிதன்று. வள்ளுவர் செங்கோன்மையைப் பாடியதோடு நில்லாமல், கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை என இரு அதிகாரங்களை வகுத்தார். சோழன் கிள்ளிவளவன், பகைவனாகிய மலையமானின் சிறுவர்களை யானைக்காலில் இட முனைந்தபோது, புலவர் கோவூர்கிழார் குறுக்கிட்டு அவர்களைக் காத்தார். தந்தையின்மீது கொண்ட பகைக்காகப் பிள்ளைகளைத் தண்டிப்பது அறமன்று என்பதைப் படைவலி மிக்க மன்னனின் முன்னே சொல்லும் துணிவு ஒரு புலவருக்கு இருந்தது. அச்சொல்லைக் கேட்கும் செவி மன்னனுக்கும் இருந்தது. வல்லாட்சியில் இல்லாதவை இவ்விரண்டுமே.

மீண்டும் தென்சென்னையில்

2017இல் பர்மாவின் இரக்கைன் மாநிலத்திலிருந்து ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட உரோகிங்கியா மக்கள் இராணுவத் தாக்குதலுக்கு அஞ்சி வங்காளதேசத்துக்கு ஓடினர். 1982ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை மறுக்கப்பட்டவர் அவர்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, அம்மக்களுள் ஏறத்தாழ நூறு பேர் தாம்பரத்துக்குத் தென்கிழக்கேயுள்ள கேளம்பாக்கத்துக்கு வந்துசேர்ந்தனர். புயற்காலத்தில் மக்களைக் காக்க அரசு கட்டிய பாதுகாப்பு மையம் அவர்களுக்கு உறைவிடமாயிற்று. பெரியவர்கள் பழைய பொருள்களைச் சேகரித்து விற்றுப் பிழைத்தனர். பிள்ளைகள் உள்ளூர்ப் பள்ளியில் சேர்ந்து தமிழ் கற்றனர்.

பெருங்குடியின் பர்மா காலனிக்கும் கேளம்பாக்கத்தின் அந்தப் பாதுகாப்பு மையத்துக்கும் இடையே இருப்பது ஒரே நெடுஞ்சாலை. ஒன்றில் 1960களில் துரத்தப்பட்டோரின் பெயரன் பெயர்த்திகள் வாழ்கின்றனர். மற்றொன்றில் நம் காலத்தில் துரத்தப்பட்டோர் தஞ்சம் புகுந்தனர். மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்ட இவ்விரு சாராரையும் வீட்டை விட்டு விரட்டியது ஒரே வல்லாட்சிதான். முன்னவர்க்குத் திரும்பி வர ஒரு தாயகம் இருந்தது. பின்னவர்க்கு அதுவும் இல்லை.

மனித உரிமை என்பது தேர்வுக்காக மனனம் செய்யும் பிரிவுகளின் எண்ணிக்கை அன்று. கடையின் சாவி தன்னிடமே இருக்கும் என்னும் நம்பிக்கை அது. கதவு தட்டப்படும் ஓசைக்கு அஞ்சாமல் உறங்கும் இரவு அது. நாளை தொடர்வண்டியிலிருந்து இறங்கிப் பர்மா பஜாரைக் கடக்கும்போது, அப்பெயர்ப்பலகையை ஒருமுறை நின்று படிப்போம். அது வெறும் கடைவீதியின் பெயர் அன்று. உரிமையை இழந்தோர் நமக்கு விட்டுச்சென்ற எச்சரிக்கை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள தெரு, குடியிருப்பு, கடைவீதி ஆகியவற்றுள் இடம்பெயர்ந்தோரின் வரலாற்றைச் சுட்டும் பெயர்களைத் தொகுத்து வகுப்பறையில் பகிர்க.
2. பிறந்த ஊரை விட்டுவர நேர்ந்த முதியவர் ஒருவரைச் சந்தித்து, அவர் இசைவுடன் அவர்தம் நினைவுகளை ஒரு பக்க அளவில் எழுதுக.
3. 'ஏதிலியர்க்கு அடைக்கலம் தருவது ஒரு நாட்டின் கடமையா, கருணையா?' என்னும் தலைப்பில் கலந்துரையாடுக.

பாட மதிப்பீடு

பலவுள் தெரிக

1. பர்மாவில் 50, 100 கியாட் பணத்தாள்கள் செல்லாதவையான ஆண்டு
அ) 1948 ஆ) 1962 இ) 1964 ஈ) 1987

2. மலையமானின் சிறுவர்களைக் காத்த புலவர்
அ) கபிலர் ஆ) கோவூர்கிழார் இ) ஔவையார் ஈ) பிசிராந்தையார்

குறுவினா

1. உலக மனித உரிமைகள் சாற்றுரையின் 15ஆம் பிரிவு கூறுவது யாது?
2. மோரேயில் தமிழர் குடியேறியதன் காரணம் யாது?

சிறுவினா

1. 'முறையிட ஓரிடம் வேண்டும்' – இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.
2. பர்மிய உழவரின் வேதனை நியாயமானது எனினும் இந்தியரை வெளியேற்றியது நீதியன்று என்பதை நிறுவுக.

நெடுவினா

1. இராணுவ ஆட்சி ஏற்படுத்தும் தலைமுறை கடந்த விளைவுகளைப் பர்மாவின் வரலாற்றைச் சான்றாகக்கொண்டு கட்டுரைக்க.